வள்ளிக்கண்மாயின் கொள்ளளவு

“ஊறுகா டப்பாவ எங்கம்மா ஒளிச்சு வச்ச?”

“ஒன் மூக்குக்கு முன்னாடிதான்டி இருக்கு. குனிஞ்சு பாரு.”

“இது நார்த்தங்கா. நான் கேட்டது மாங்கா.”

“மாங்கா தீந்துபோச்சு. ஒங்கப்பாதான் பாதி டப்பாவ முழுங்கினது. அவர்ட்டயே கேளு.”

இலக்கியா என் பக்கம் திரும்பினாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். “லைப்ரரியன் சார், புத்தகத்துக்கு மட்டுந்தான் ஃபைனா? ஊறுகாய்க்குக் கெடையாதா?” என்றாள். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அவளுடைய தோழி ஃபெமினாவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. என் மனைவி அன்புச்செல்வி அவள் தலையில் தட்டினாள்.

பிறகு இரண்டு பேரும் எலுமிச்சைச் சோற்றை டப்பாவில் அடைத்து, நார்த்தங்காயையே வைத்துக்கொண்டு, ஃபெமினாவின் ஸ்கூட்டியில் கிளம்பினார்கள். பின்னால் உட்கார்ந்த இலக்கியாவின் கையில் இரு முனையும் அடைத்து அளவுக்கோடு போட்ட நீளமான பிவிசி குழாய். அது வாசல் வேம்பில் இடித்துக்கொண்டு போனது. பார்த்துப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. கண்மாய் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கூப்பிடு தூரத்துக்குப் போகிறவர்களிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

என் பெயர் ரத்தினவேல். குடுமியான்மலைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஊர்ப்புற நூலகராக இருக்கிறேன். இலக்கியா எங்களுக்கு ஒரே மகள். திருச்சியில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தாள். புவியியலும் சுற்றுச்சூழல் கணிதமும் சேர்ந்த படிப்பு. அதன் பெயரை முழுதாகச் சொல்ல எங்கள் உறவினர் யாருக்கும் வந்ததில்லை. கல்யாண வீடுகளில் “பாப்பா பூகோளமா, கணக்கா?” என்று கேட்பார்கள். “பூகோளம் தண்ணி எங்க இருக்குன்னு சொல்லும் சித்தப்பா. கணக்கு எவ்வளவு இருக்குன்னு சொல்லும். ரெண்டும் தெரியாட்டி மடையில நின்னு சண்ட போட்டுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்” என்பாள்.

கடைசி வருட ஆய்வுக்கு அவளும் ஃபெமினாவும் எங்கள் ஊர் வள்ளிக்கண்மாயை எடுத்துக்கொண்டார்கள். அது கட்டியபோது எவ்வளவு தண்ணீர் பிடித்தது என்பதற்குப் பழைய அளவு ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ மழையில் மண் வந்து சேர்ந்துவிட்டது. இப்போது எவ்வளவு பிடிக்கும் என்பதுதான் அவர்களின் கேள்வி.

சித்திரை வெயிலில் கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்தபோது அளந்தார்கள். கல்லூரித் துறையிலிருந்து, மேடுபள்ளம் பார்க்கும் லெவல் கருவியை வாங்கி வந்து முக்காலியில் நிறுத்தினார்கள். தரை முழுவதும் இருபத்தைந்து மீட்டருக்கு ஒரு புள்ளியாகச் சுண்ணாம்பு போட்டார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒருவர் உயரமான அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்கு ஸ்டாஃப் என்று பெயர். நின்றது நான்.

“அப்பா, ஸ்டாஃபு சாயுது. கலிங்குப் பக்கம் சாச்சுப் புடிக்கிறீங்க.”

“நான் நேராத்தான் நிக்கிறேன். ஒன் கண்ணாடிதான் கோணல்.”

“ரெண்டு பேரும் அப்புறமா சண்ட போடுங்க. எனக்கு ரீடிங் வேணும்,” என்று குடைக்கடியிலிருந்து ஃபெமினா கத்துவாள்.

புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் அளக்கவே இல்லையே, அந்த இடம் எப்படித் தெரியும் என்று ஒருநாள் கேட்டேன். “அதக் கணக்கு நெரப்பும்ப்பா. இங்கிட்டு ஒரடி தாழ்வு, அங்கிட்டு ரெண்டடி தாழ்வுன்னா நடுவுல ஒன்னரை இருக்கும். மண்ணு திடீர்னு பொய் சொல்லாது,” என்றாள். அவள் அளப்பாள். ஃபெமினா கம்ப்யூட்டரில் நடுவிடங்களை நிரப்புவாள். இப்படித்தான் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்.

வேலை முடிந்ததும் ஒரு மேப் வந்தது. ஆழமில்லாத இடம் வெளிர்நீலம், ஆழம் கூடக் கூடக் கருநீலம். அதை நூலகச் சுவரில் ஒட்டினோம். பேப்பர் படிக்க வருகிறவர்கள் அதில் விரலை வைத்துத் தங்கள் மடையைத் தேடினார்கள். ஒருவர், “எங்க வயலக் காணோமே,” என்றார். “ஒங்க வயலு கண்மாய்க்குள்ளயா மாமா இருக்கு? இருந்தா மெதுவாப் பேசுங்க, தாசில்தார் காதுல விழுந்துரப் போகுது,” என்று இலக்கியா சொன்னதை ஊரே சொல்லிச் சிரித்தது.

ஐப்பசியில் நல்ல மழை. கண்மாய் நிறைந்தது. இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி. கணக்கு சொல்லும் ஆழமும் தண்ணீருக்குள் குழாய் காட்டும் ஆழமும் ஒன்றுதானா என்று சில இடங்களில் பார்க்க வேண்டும். மீன் குத்தகைக்காரர்களின் பரிசலைக் கேட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

“நீச்சத் தெரியாதுல்லடி ஒனக்கு,” என்றாள் அன்புச்செல்வி.

“இடுப்பளவு எடத்துல எவளாவது நீச்சலடிப்பாளாம்மா? அதுக்கு மேல ஆழமுள்ள எடத்துக்கு நாங்க போகவே போறதில்ல. எது இடுப்பளவுன்னு எங்களுக்குத் தெரியும். சுவத்துல ஒட்டியிருக்குல்ல, போய்ப் பாரு.”

எங்கள் ஊரில் வேறு யாராக இருந்தாலும் தண்ணீருக்குள் காலால் தடவித் தடவித்தான் போயிருப்பார்கள். தெரியாத தரை என்ற பயம் இருந்திருக்கும். அவளுக்கு அது தெரிந்த தரை.

ஊறுகாய்ச் சண்டை போட்டுவிட்டு அவர்கள் கிளம்பிய அன்று, நூலகத்தில் புதுப் புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். ஃபெமினாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவள் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

“அப்பா, மேப்புல இல்லப்பா. மேப்புல இல்லவே இல்லப்பா.”

“என்னம்மா இல்ல? சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?” என்று கேட்டேன். அதைத்தான் கேட்டேன். அவள் மூச்சை இழுக்கிற சத்தம் மட்டும் வந்தது. பின்னால் யாரோ ஆண்குரல், “தூக்கு, தலையத் தூக்கு,” என்றது.

நூலகத்தைப் பூட்டிவிட்டு ஓடியிருக்கிறேன். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேரை வைத்தே பூட்டியிருக்கிறேன். பிறகு யாரோ பூட்டை உடைத்து அவர்களை வெளியே விட்டார்களாம். எனக்கு அது நினைவில்லை. கையில் முத்திரைக் கட்டையோடு கண்மாய்க் கரையில் நின்றது மட்டும் நினைவிருக்கிறது.

மீன் குத்தகை ஆட்கள் அவளை எடுத்துக் கரையில் கிடத்தியிருந்தார்கள். ஒருவர் அவள் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்ததும் கையை எடுத்தார். நிறுத்தாதீர்கள் என்றேன். அவர் மறுபடி அழுத்தினார். எனக்காகத்தான் அழுத்துகிறார் என்பது தெரிந்தது. குழாய் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது மெல்ல நகர்ந்து ஆகாயத்தாமரையில் போய் ஒட்டிக்கொண்டது.

ஃபெமினா கழுத்துவரை நனைந்திருந்தாள். அவளும் உள்ளே இறங்கியிருக்கிறாள்.

“அவ செல்போனக் கையில தூக்கிப் புடிச்சு எடத்தப் பாத்துக்கிட்டே போனாப்பா. ஆழத்த சென்டிமீட்டர்ல சத்தமாச் சொல்லிக்கிட்டே போனா. தொண்ணூறுன்னா. அடுத்தது தொண்ணூத்தஞ்சு வரும் பாருடின்னா. ஒரு கால வச்சா. அடுத்த காலுக்குத் தரை இல்ல.”

புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனது, அங்கிருந்து அவளைக் கொண்டுவந்தது, அடக்கம் செய்தது எல்லாம் என் வழியாகத்தான் நடந்தன. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பேசியிருக்கிறேன். எதுவும் எனக்குள் போகவில்லை. வெயிலில் இருந்து சட்டென்று இருட்டறைக்குள் வந்தவனைப்போல எல்லாவற்றையும் தடவிக்கொண்டிருந்தேன்.

அன்புச்செல்வி அழவில்லை. துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் ஒன்றையே கேட்டாள்.

“இடுப்பளவுன்னுதானங்க சொன்னா? எம்மக தெரியாமச் சொல்ல மாட்டாளே.”

வந்தவர்கள் வெளியே போய்ப் பேசினார்கள். “படிச்ச புள்ளதான். கணக்கு தப்பிப்போச்சு.” இதை யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பஸ் தப்பிப்போச்சு என்பதுபோலச் சொன்னார்கள். எனக்கு அந்த வார்த்தை நெஞ்சில் தைத்து அங்கேயே நின்றது. அவள் போய்விட்டாள் என்பதைவிட, அவளுடைய கணக்கே அவளைக் கொண்டுபோய்விட்டது என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

வார்டு உறுப்பினர் சிவபிரகாஷ் வந்தான். எனக்குத் தம்பி முறை. என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“அண்ணே, அந்தப் பள்ளம் ஆதியிலருந்து உள்ளதுதாண்ணே. மாடு குளிப்பாட்டுற பள்ளம். புள்ளைக்குத் தெரியாமப் போச்சு.”

“தம்பி, சித்திரையில நான் அந்தப் பக்கம் ஸ்டாஃபப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அங்க பள்ளம் இல்ல.”

“அந்த வெயில்ல எங்க நின்னோம்னு யாருக்குண்ணே ஞாபகம் இருக்கும்?”

அவன் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். எல்லாப் புள்ளிகளும் ஒன்றுபோலத்தான் இருந்தன. வெடித்த மண், காய்ந்த கோரை, சுண்ணாம்பு. இந்தப் புள்ளியில் நின்றேன் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. நின்றிருந்தால்தான் என்ன? பள்ளம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் மறைவாக இருந்திருக்கலாம். கணக்கு அதன்மேல் வெளிர்நீலத்தைப் பூசியிருக்கலாம்.

இதற்கிடையில் ஆவூரிலிருந்து ஃபெமினாவின் தகப்பனார் பங்கிராஸ் போன் செய்தார். “சார், இப்ப ஒங்கள்ட்ட இதச் சொல்லக்கூடாது. புள்ள சாப்பிட மாட்டேங்குது. கோவிலுக்கும் வர மாட்டேங்குது. படிப்ப விட்டுர்றேங்குது. அருணா மேடம் வேற தலைப்புத் தாரேன்னாலும் கேக்கல. அவளுக்கு என்னமோ ஒங்க முகத்தப் பாக்கணும், ஆனா பாக்கப் பயம்.” அருணா மேடம் அவர்களுடைய ஆய்வு வழிகாட்டி.

நான் ஆவூருக்குப் போனேன். ஃபெமினா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்து, மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

“நடுவுல நெரப்புனது நான்தாம்ப்பா. அவ அளந்தது சரி. நான் நெரப்புனதுதான் அவளக் கொன்னுருச்சு.”

“பள்ளம் அப்பவே இருந்துச்சாம்மா, பின்னால வந்துச்சா?”

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

“ஒனக்கும் தெரியல. எனக்கும் தெரியல. இலக்கியா அம்மா அங்க வீட்டுல ஒவ்வொருத்தரா நிறுத்திக் கேட்டுக்கிட்டு இருக்கா. தெரிஞ்சுக்க வழி இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லு.”

“இருக்குப்பா,” என்றாள். “செயற்கைக்கோள் படம். சில நாளைக்கு ஒரு தடவ நம்ம மேல வந்து எடுத்துக்கிட்டுப் போகும். யாரு வேணாலும் பாக்கலாம். நான் பாக்கல. பள்ளம் அப்பவே தெரிஞ்சிருச்சுன்னா, அப்புறம் நான் என்ன செய்வேன்?”

“நானும் கூட இருக்கேன். பாரு,” என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோபோலக் கேட்டது.

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். பங்கிராஸ் எங்களுக்குப் பின்னால் நின்றார். மேலிருந்து பார்த்தால் எங்கள் கண்மாய் உள்ளங்கை அளவுகூட இல்லை. சின்னச் சின்னக் கட்டங்களாக இருந்தது. ஒரு கட்டம் பத்து மீட்டர் என்றாள். இலக்கியா மூழ்கிய இடத்தில் விரலை வைத்துக்கொள்ளச் சொன்னாள். நான் வைத்தேன்.

நாங்கள் அளப்பதற்கு முன் எடுத்த படம். வெளுத்த மண். அளந்து முடித்த பிறகு எடுத்தது. அதே வெளுப்பு. வைகாசிப் படம். வெளுப்பு. அதற்கடுத்தது மேகம். அதற்கடுத்ததும் மேகம். பிறகு ஆடியில் ஒரு மழை பெய்து ஓய்ந்தபின் எடுத்த படம். கண்மாய் முழுக்க வெளுத்துக் கிடக்க, என் விரல் நுனியை ஒட்டி ஒரு கட்டம் கறுப்பாக இருந்தது. அதன் பக்கத்துக் கட்டம் பாதி கறுப்பு.

“தண்ணி நிக்குது,” என்றார் பங்கிராஸ்.

ஃபெமினா முன்னும் பின்னுமாகப் படங்களை மாற்றிக்கொண்டே இருந்தாள். வெளுப்பு, கறுப்பு. வெளுப்பு, கறுப்பு. “வைகாசி கடைசியிலயும் இது இல்லப்பா. நம்ம அளந்தப்ப இங்க ஒன்னுமே இல்ல. சமதரை,” என்றாள். சொல்லிவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்தாள். பங்கிராஸ் அவள் முதுகில் கையை வைத்தார்.

எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். வரவில்லை. அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் தயங்காமல் அங்கே கால் வைத்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் சிவபிரகாஷின் வீட்டுக்குப் போனேன். ஃபெமினா அச்செடுத்துக் கொடுத்த படத்தைக் காட்டினேன். அவன் அதை வாங்கவே இல்லை. என் கையில் இருந்தபடியே பார்த்தான்.

“ஸ்கூல் ரோட்டுக்குக் கிராவல் மண்ணு எடுத்ததுண்ணே,” என்றான். “வண்டல் எடுக்கத்தான் அனுமதி. அது மேலாக்கச் சொரண்டுறது. ரோட்டுக்கு வண்டல் ஆகாதுல்ல. அதான் ஒரு எடத்துல ஆழமா விட்டு எடுத்தோம். ஆனியில. மழ வந்தா மண்ணு சரிஞ்சு தன்னால மூடிக்கும்னு நெனச்சோம்.”

“மாடு குளிப்பாட்டுற பள்ளம்னியே.”

“எல்லாரும் கேட்ட ரோடுதானண்ணே. புள்ளைக சேத்துல விழுதுன்னு மே தினக் கிராம சபையில பொம்பளையாளுக எல்லாரும் எந்திரிச்சுக் கேட்டாங்கள்ல. அண்ணியும் கேட்டாங்க. வேற யாரு வீட்டுக்குண்ணே எடுத்தேன்?” அவன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். “இலக்கியா என்ன சித்தப்பான்னு கூப்புட்ட புள்ளண்ணே.”

அதைத் தோண்டும்போது ஊரில் பலர் பார்த்திருக்கிறார்கள். அது ஒரு பள்ளம், அவ்வளவுதான். சுவரில் ஒட்டிய மேப்பில் அது இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. தோண்டியவர்களிடம் மேப் இல்லை. மேப் வைத்திருந்தவர்கள் அப்போது திருச்சியில் இருந்தார்கள். நான் தினமும் நூலகத்துக்கு, அந்தக் கிராவலைக் கொட்டிப் போட்ட சிவப்பு ரோட்டில்தான் போனேன், வந்தேன். நல்ல ரோடு, சேறில்லை. புகார் கொடுத்திருக்கிறேன். விசாரணை நடக்கிறது.

வீட்டுக்கு வந்து அன்புச்செல்வியிடம் சொன்னேன். “அவ சொன்னது சரிதான். அளந்தப்ப அங்க பள்ளமே இல்ல. அப்ப அளந்த தரைக்கு இடுப்பளவுதான்.”

“அதத்தான நானும் சொன்னேன்,” என்றாள். அடுப்பை அணைத்தாள். பிறகு அடுக்களையிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதாள். அதற்குப் பிறகு யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

தை மாதம் ஃபெமினா வந்தாள். வேறு தலைப்பு வேண்டாம் என்று அருணா மேடத்திடம் சொல்லிவிட்டாளாம். இரண்டு பெயரும் போட்டு இதையே சமர்ப்பிக்கப்போவதாகச் சொன்னாள். ஆனால் இன்றைய தேதியில் கண்மாய்க்குள் ஒரு பள்ளம் இருக்கும்போது அது இல்லாத மேப்பைக் கொடுக்க முடியாது. அதை அளந்து சேர்க்க வேண்டும்.

மீன் குத்தகை ஆட்களில் ஒருவர் பரிசலை ஓட்டினார். நானும் போனேன். ஃபெமினாவின் இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையை நான் என் கையில் சுற்றிக்கொண்டேன். “பரிசல்லதானப்பா இருக்கேன்,” என்றாள். “இருக்கட்டும்,” என்றேன். கல் கட்டிய நூலை இறக்கி இறக்கி அளந்தாள். பள்ளத்தின் விளிம்பு வரும்போது நூல் சட்டென்று கையிலிருந்து ஓடியது. ஒவ்வொரு தடவையும் ஓடியது. நீளம் பன்னிரண்டு மீட்டர், அகலம் பத்து, சுற்றுத்தரையிலிருந்து மூன்று மீட்டர் ஆழம். பரிசல்காரர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்திருந்தார்.

நூலகத்து மேசையில் லேப்டாப்பை வைத்து அளவுகளை ஏற்றினாள். மேப் புதிதாக வந்தது. வெளிர்நீலத்துக்கு நடுவே ஒரு கருநீலப் பொட்டு. கண்மாயின் பரப்பில் அது இருப்பதே தேடினால்தான் தெரிந்தது.

“முன்ன எவ்வளவும்மா வந்துச்சு? மொத்தத் தண்ணி?” என்று கேட்டேன். அதுவரை அந்த எண்ணை நான் கேட்டதே இல்லை.

“பதினாறு புள்ளி ஒன்பது மில்லியன் கன அடிப்பா.”

“இப்ப? இதச் சேத்து?”

அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். திரும்பவில்லை.

“சொல்லும்மா.”

“புள்ளிக்கு அப்புறம் ஒரு எலக்கந்தான் எழுதணும்ப்பா. அதுக்குக் கீழ வர்றத எங்க கருவியாலயே சரியாச் சொல்ல முடியாது. அதனால…”

“எவ்வளவு?”

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இன்னொரு தடவை போடச் சொன்னேன். அளவுகளை நான் ஒவ்வொன்றாக வாசித்தேன், அவள் முதலிலிருந்து ஏற்றினாள்.

பதினாறு புள்ளி ஒன்பது.